சாண்டோரினியின் கூடைக் கொடிகள்

சாண்டோரினி என்றாலே எல்லோரும் வெள்ளை வீட்டையும் நீலக் குவிமாடத்தையும்தான் படமாகப் போடுகிறார்கள். அந்தக் கிரேக்கத் தீவின் திராட்சைத் தோட்டங்களை யாரும் கண்டுகொள்வதில்லை. காற்று அடிக்கிற அடியில் பந்தலெல்லாம் தாங்காது. அதனால் கொடியைத் தரையோடு கூடை மாதிரி வளைத்துப் பின்னிவிடுகிறார்கள். குலைகள் உள்ளே பத்திரம். கோடையில் மழையே கிடையாது. கடலிலிருந்து வரும் இரவு ஈரத்தை எரிமலை நுரைக்கல் பிடித்துவைக்கிறது. மண்ணில் களி இல்லாததால், 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் கொடிகளை அழித்த ஃபிலாக்ஸெரா பூச்சிகூட இங்கே பிழைக்கவில்லை.

முக்கிய ரகம் அசிர்டிகோ, வெள்ளைத் திராட்சை. அவ்வளவு வெயிலிலும் புளிப்பு குறையாது, அதுதான் ஆச்சரியம். அதையே அய்தானி, அதிரி என்ற வேறு இரண்டு ரகங்களோடு வெயிலில் உலர்த்தி வின்சாந்தோ என்ற இனிப்பு ஒயினும் செய்கிறார்கள். இப்போது ஹோட்டல்கள் தோட்டங்களை விழுங்குகின்றன. எரிச்சலாக இருக்கிறது.