39 வயதில் கிடைத்த பெயர்

சின்ன வயதில் எனக்குப் பல பெயர்கள். திமிர் பிடித்தவள், ஊமைக் கோட்டான், யாரோடும் ஒட்டாதவள். ஆட்டிசம் என்ற பெயர் 39 வயதில்தான் கிடைத்தது.

முதலில் பார்த்த மனநல மருத்துவர், "வேலைக்குப் போறீங்க, கல்யாணம் ஆயிடுச்சு, முகம் பார்த்துப் பேசுறீங்க. உங்களுக்கு எப்படி ஆட்டிசம் இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, பதற்றத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். முகம் பார்த்துப் பேசுவது நான் பழகிக்கொண்டது. எதிரில் இருப்பவரின் புருவத்தைப் பார்ப்பேன், மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டுப் பார்வையை விலக்குவேன். வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் படுத்தால்தான் அடுத்த வேலை ஓடும்.

ஆறு மாதம் கழித்து, பெரியவர்களையும் பரிசோதிக்கும் ஓர் உளவியலாளரைத் தேடிப் பிடித்தேன். ஆட்டிசத்தின் தன்மைகள் எந்த அளவு இருக்கின்றன என்று பார்க்கும், 50 கேள்விகள் உள்ள ஏ.க்யூ. படிவத்தில் தொடங்கினார். அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டேன் என்று அப்போதே சொல்லிவிட்டார். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதுவும் கிடையாது. மூன்று நாள் கேள்வியும் கவனிப்பும்தான். சின்ன வயதிலேயே இது இருந்ததா என்று தெரிய வேண்டும், அம்மாவை அழைத்து வாருங்கள் என்றார்.

"என் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லை" என்றபடிதான் அம்மா வந்து உட்கார்ந்தாள். சாப்பாடு, விளையாட்டு, சத்தம் என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்க, மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். பொரியலில் குழம்பு பட்டால் தட்டையே தள்ளிவிடுவேனாம். பல்லவன் பஸ் நம்பர்களை வழித்தடத்தோடு ஒப்பிப்பேனாம். சித்தி கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டியபோது, காதைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய்ச் சமையற்கட்டில் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேனாம். "அன்னைக்கு இவளை எல்லார் முன்னாடியும் அடிச்சேன்" என்றாள். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. எனக்கு அந்த அடி ஞாபகமே இல்லை.

ரிப்போர்ட்டில் 'ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம், நிலை 1' என்று இருந்தது. மூன்று நிலைகளில் குறைந்த உதவி தேவைப்படுவது இது. குணப்படுத்த வேண்டிய நோய் இல்லை, மூளையின் அமைப்பே வேறு மாதிரி, இந்த வேறுபாடுகளைத்தான் நியூரோடைவர்சிட்டி என்கிறோம் என்று உளவியலாளர் பொறுமையாக விளக்கினார்.

இந்த ரிப்போர்ட் வேறு, அரசின் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேறு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் உண்டு. ஆனால் சான்றிதழுக்கு அரசுத் தரப்பில் தனியாக மதிப்பிடுவார்கள். வேலை இடஒதுக்கீடு போன்றவற்றுக்குக் குறைபாடு குறைந்தது 40 சதவீதம் என்று சான்றிதழில் இருக்க வேண்டும். நான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. அலுவலகத்தில் ஒன்றே ஒன்று கேட்டேன்: வாயால் சொல்லும் வேலையை மெயிலிலும் அனுப்புங்கள். அனுப்புகிறார்கள்.

போன தை மாதம் தம்பி மகனுக்குக் காதுகுத்து. மேளக்காரர்கள் எந்தப் பக்கம் உட்காருவார்கள் என்று அம்மா முதல் நாளே விசாரித்து வந்து என்னிடம் சொன்னாள்.