அறுபது சதவீத வெளிச்சம்

"அந்த இருட்டு படத்துல இல்ல தம்பி. நான்தான் லாம்பை அறுபதுக்கு இறக்கி வெச்சிருந்தேன்."

எங்கள் தியேட்டரில் புரொஜக்டர் ஓட்டும் ஆபரேட்டர் மாமா இதைச் சொன்னபோது, அங்கே பார்த்த ஒரு படத்துக்கு நான் எழுதிய விமர்சனம் வெளியாகி நாலு நாள் ஆகியிருந்தது. அவர் குரலில் கோபமோ குத்தலோ இல்லை. சாயங்காலம் மழை வரும் போலிருக்கு என்கிற மாதிரிதான் சொன்னார். "ஏன் மாமா?" என்றேன். "ஸ்டேஜ் சிக்ஸ்ல ஜெனரேட்டர்ல ஓடுச்சு. முழு லாம்ப் போட்டா டீசலுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். பேச்சு அவ்வளவுதான். 2023-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்தவர்களுக்கு, நாளுக்குப் பல மணி நேரம் முறைவைத்து மின்சாரத்தை நிறுத்திய ஆறாம் கட்ட மின்வெட்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

படத்தின் பெயர் வேண்டாம். பாட்டி கதையிலிருந்து இறங்கி வந்த மூன்றடிப் பூதம் ஒன்று, அதனிடம் மாட்டிக்கொண்டு விழிக்கும் நாயகன், சனிக்கிழமை காலைக் காட்சிக்குப் பேரன் பேத்திகளோடு வந்த, டர்பனில் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதிக் குடும்பங்கள். நான் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுத்து ஐந்து குறை எழுதினேன். பூதம் தரையில் நிற்காமல் மிதக்கிறது. ரோமம் சேறு போல அப்பிக் கிடக்கிறது. நாயகன் பார்ப்பது பூதத்தின் கண்ணை அல்ல, நெற்றிக்கு மேலே எதையோ. பூதத்துக்கு எடையே இல்லை. சிரிக்க வேண்டிய இடமெல்லாம் அரை நொடி தப்புகிறது.

மாமா சொன்னதைக் கேட்டதும் முதலில் செய்தது, இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி எது லாம்பின் பாவம், எது படத்தின் பாவம் என்று பிரித்ததுதான்.

டிஜிட்டல் திரையிடலில் சாதாரணப் படத்துக்குத் திரையின் நடுவே 14 ஃபுட்-லாம்பர்ட் வெளிச்சம் இருக்க வேண்டும்; திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு அது. சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா என்பதும் இதே அளவுதான். வண்ணத்தைச் சரிசெய்கிற அறையில் இந்த அளவை வைத்துத்தான் படத்துக்குக் கடைசிக் கை பார்க்கிறார்கள். முப்பரிமாணம் என்றால் கண்ணாடியும் வடிகட்டியும் சேர்ந்து தின்றது போக 4.5 கிடைத்தாலே நல்ல அரங்கு. அன்று ஓடியது சாதாரணப் படம். ஏற்கெனவே பழசாகிப்போன செனான் லாம்ப், அதையும் அறுபதுக்கு இறக்கினால் 14-க்குப் பக்கத்தில்கூடப் போயிருக்காது. செனான் லாம்ப் பழசாகப் பழசாக மின்முனையிலிருந்து டங்ஸ்டன் ஆவியாகிக் குவார்ட்ஸ் குமிழின் உள்பக்கம் கருப்பாகப் படியும். அதை ஈடுகட்ட மின்னோட்டத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். மாமா அதற்கு நேரெதிராகச் செய்திருக்கிறார். இன்னும் கொஞ்சம் இறக்கியிருந்தால் சுடரே நடுங்க ஆரம்பித்திருக்கும்.

வெளிச்சம் குறைந்தால் முதலில் சாவது நிழல். கணினி உருவத்தைத் தரையோடு ஒட்டவைப்பது பாதத்துக்கு அடியில் விரற்கடை அகலத்தில் விழும் தொடு நிழல். அது கருப்புக்கு மிக அருகிலுள்ள சாம்பல். மங்கலான திரையில் கருப்பும் அந்தச் சாம்பலும் ஒன்றாகிவிடும். பிறகு எவ்வளவு கவனமாகச் செய்த உருவமும் மிதக்கத்தான் செய்யும். ரோமத்தின் கதையும் அதுதான். இழைக்கு இழை நடுவிலுள்ள இருள் வேறுபாடு போய்விட்டால் மிஞ்சுவது சேறு. போதாததற்கு, வெளிச்சம் குறையும்போது நம் கண்ணுக்கு நிறமும் வெளிறித் தெரியும். ஆக முதல் இரண்டு குறையும் லாம்பின் கணக்கில் போனது.

மூன்றாவது லாம்பின் கணக்கில் வராது. படப்பிடிப்பில் பூதம் இருக்க வேண்டிய இடத்தில் குச்சி நுனியில் டென்னிஸ் பந்தைக் குத்திப் பிடிப்பார்கள், நடிகர் அதைப் பார்த்துப் பேசுவார். பிற்பாடு பூதத்தின் உயரத்தைக் குறைத்துவிட்டால் பார்வை அந்தரத்தில் நிற்கும். அதை எந்த லாம்பாலும் நிமிர்த்த முடியாது. எடையும் அப்படித்தான். காலை ஊன்றும்போது இடுப்பு இறங்க வேண்டும், இறங்கிய பிறகே தோள் வர வேண்டும். எல்லாம் ஒரே சமயத்தில் நகர்ந்தால் பொம்மலாட்டம்.

ஐந்தாவது குறையில்தான் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறேன். நகைச்சுவையில் அரை நொடி என்றால் 12 ஃபிரேம். படத்தொகுப்பை முடித்துவிட்டுத்தான் துண்டுகளை அனிமேஷனுக்கு அனுப்புவார்கள். முன்னும் பின்னும் பெரும்பாலும் 8 ஃபிரேம் உபரியாக இருக்கும். பூதம் திரும்பிப் பார்த்து, புரிந்துகொண்டு, முகம் மாற 12 தேவைப்பட்டால் எங்கிருந்து எடுப்பது? தாமதத்துக்கு இதுதான் காரணம் என்று அன்று முடிவு கட்டினேன். ஆனால் அரங்கில் இன்னொன்றும் நடந்தது. இங்குள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் தமிழ்ப் படத்தைக் கீழே ஓடும் ஆங்கில வரியில்தான் பார்க்கிறார்கள். வசனம் முடியும் முன்பே வரி வந்துவிடும், அவர்கள் முன்கூட்டியே சிரித்துவிடுவார்கள். தாத்தா பாட்டிகள் வசனம் கேட்டுச் சிரிப்பார்கள். நடுவில் பூதம் மூக்கைச் சொறிந்துகொண்டு செய்த சேட்டையை இரு தரப்பும் பார்க்கவில்லை. அதுவும் மங்கிய திரையில் வெள்ளை எழுத்து மட்டும் பளிச்சென்று கண்ணை இழுக்கும். சிரிப்பு தப்பியது படத்தொகுப்பு மேசையிலா, எங்கள் அரங்கிலா?

பக்கத்தைப் பார்த்துக்கொள்கிற அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஒரு வரி திருத்தம் போட்டுரலாமா?" என்றார். "வேண்டாம்கா, நட்சத்திரம் மாறலையே" என்றேன். சட்டென்று வந்த பதில் அது. யோசித்துச் சொன்னதில்லை.

அதற்கு நியாயமும் கைவசம் உண்டு. காசு கொடுத்து வந்த பாட்டியும் பேரனும் பார்த்தது அந்த மங்கிய படத்தைத்தான். என் விமர்சனம் அவர்களுக்கானது. வண்ணம் சரிசெய்த அறையில் படம் எப்படி இருந்தது என்பது அவர்களுக்கு எதற்கு? ஆனால் இந்த நியாயம் டர்பனைத் தாண்டாது. ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் நல்ல லாம்பில் பார்த்தவருக்கு நான் பொய் சொல்லியிருக்கிறேன். எங்கோ ஓர் அறையில் வாரக்கணக்கில் உட்கார்ந்து ரோமத்துக்கு ஒளியூட்டியவருக்குச் செய்தது அதைவிட மோசம்.

மாயாஜாலக் குடும்பப் படங்களின் விமர்சனமே கொஞ்சம் நொண்டிப் பிழைப்புதான். 1995-ல் வந்த 'ஜுமாஞ்சி'க்கு அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நாலுக்கு ஒன்றரை நட்சத்திரம் கொடுத்தார். சின்னப் பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள் என்பது அவருடைய பெரிய புகார். அதில் வரும் கணினிக் குரங்குகள் நிஜம் போல இல்லை என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. கணினியில் ரோமம் வளர்ப்பதே அப்போது புதிது, சிங்கத்தின் பிடரிக்கே தனியாக மென்பொருள் எழுத வேண்டியிருந்தது. அந்த ஒன்றரை நட்சத்திரத்தைப் பொருட்படுத்தாமல் ஒரு தலைமுறையே அந்தப் படத்தோடு வளர்ந்தது. 2012-ல் வந்த 'நான் ஈ'க்கு இந்தச் சிக்கல் வரவில்லை. அதன் தெலுங்கு வடிவம் சிறப்பு விளைவுகளுக்கான தேசிய விருதையும் வாங்கியது. ஈ பேசாது, முகமும் இல்லாத மாதிரிதான். எல்லாம் உடலசைவில்தான். எங்கள் அரங்கின் அறுபதிலும் அது தப்பித்திருக்கும் என்றே நினைக்கிறேன். அப்படியானால் கெட்ட திரையிலும் தாக்குப்பிடிப்பதுதான் நல்ல வேலையா? இதை எழுதும்போதே அநியாயமாகப் படுகிறது.

இரண்டு வாரம் கழித்து அதே படத்தைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பார்த்தேன். 80 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போனது சமாதானத்துக்கா, சாட்சிக்கா தெரியவில்லை. அங்கே திரை சரியாக இருந்தது. பாதத்தடியில் நிழல் இருந்தது. ரோமம் இழை இழையாக இருந்தது, நன்றாகவே செய்திருந்தார்கள். கூடவே டர்பனில் கண்ணில் படாத ஒன்றும் தெரிந்தது. நாயகனின் தலைமுடி ஓரமெல்லாம், பின்னணியை மாற்றுவதற்காகப் படப்பிடிப்பில் விரிக்கும் பச்சைத் திரையின் சாயல், தோள் விளிம்பில் கத்தரித்த கோடு. மங்கல் இதையெல்லாம் மறைத்துவிட்டிருந்தது. மாமாவின் அறுபது சதவீதம் படத்தைக் கெடுத்தது போலவே காப்பாற்றியும் இருக்கிறது. கூட்டிக் கழித்தால் மறுபடி இரண்டு நட்சத்திரம். காரணங்கள் மட்டும் வேறு. அந்தப் பச்சை ஓரத்தை நான் தேடிப் போய்ப் பார்த்தேனா என்பதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. முந்தைய எண்ணைக் காப்பாற்ற வேண்டியிருந்தவன் நான்.

திருத்தம் போடவில்லை.

அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். விளம்பரம் ஓடும்போதே திரையின் நான்கு மூலையையும் நடுவையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. திரும்பி ஆபரேட்டர் அறை ஜன்னலைப் பார்ப்பது. சில வகைப் புரொஜக்டரில் ஒளிக்கற்றை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வந்தால் முப்பரிமாண லென்ஸைக் கழற்றாமலே சாதாரணப் படத்தை ஓட்டுகிறார்கள் என்று அர்த்தம். கறுப்புச் சட்டை போட்டவர் முகத்துக்குக் கீழே கரைந்து போகிறாரா என்றும் பார்ப்பேன். கரைந்தால் குறிப்பேட்டின் முதல் வரியில் எழுதிவிடுவேன்.

அடுத்த மாயாஜாலப் படம் வந்தபோது முன்கூட்டியே மாமாவுக்கு போன் போட்டேன். லாம்ப் எவ்வளவில் இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"நீங்க வர்ற ஷோவுக்கு மட்டும் ஏத்தி வைக்கட்டுமா தம்பி?"

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். எல்லா ஷோவுக்கும் ஏற்றுங்கள் என்றாவது கேட்டிருக்கலாம். "உங்க இஷ்டம் மாமா" என்றேன்.

அந்தச் சனிக்கிழமைக் காலை திரை பளிச்சென்று இருந்தது. மதியக் காட்சிக்கு எவ்வளவு வைத்தார் என்று நான் கேட்கவில்லை.