கிளைவ் பிறந்த மண்ணில் சரிந்த கோட்டை

இங்கிலாந்தில் கன்சர்வேட்டிவ் கட்சி யாரை நிறுத்தினாலும் ஜெயிக்கும் என்று பேர் வாங்கிய தொகுதிகளில் நார்த் ஷ்ராப்ஷயரும் ஒன்று. 2019 பொதுத்தேர்தலில் அந்தக் கட்சியின் ஓவன் பேட்டர்சன் 35,444 வாக்குகள் வாங்கினார்; வித்தியாசம் 22,949. இரண்டே வருடத்தில், 2021 டிசம்பர் 16 அன்று நடந்த இடைத்தேர்தலில், முந்தைய முறை மூன்றாவதாக வந்த லிபரல் டெமாக்ரட் வேட்பாளர் ஹெலன் மார்கன் 5,925 வாக்கு வித்தியாசத்தில் அந்த இடத்தைப் பிடித்தார். வாக்கு எண்ணிக்கை என்றால் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். இந்த ஊர்களை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அப்போதே பிடித்துக்கொண்டது.

க்ரூவில் மாறி ஷ்ரூஸ்பரி போகும் ரயிலில் ஏறினால் விட்சர்ச், ப்ரீஸ், வெம் என்று தொகுதியின் கிழக்குப் பகுதி வரிசையாக வரும். ஜன்னலுக்கு வெளியே மேய்ச்சல் நிலமும் வேலிச்செடியும் பால்மாடுகளும்தான். தொழிற்சாலை என்று சொல்லிக்கொள்ள இருப்பதில் பெரும்பகுதி பாலையும் சாப்பாட்டுப் பொருள்களையும் நம்பியது. எல்ஸ்மியர், மார்க்கெட் டிரேட்டன், ஆஸ்வெஸ்ட்ரி என்று மற்ற ஊர்களுக்குப் பஸ்தான் கதி. ஒரு காலத்தில் கேம்ப்ரியன் ரயில்வேயின் தலைமையகமாக இருந்த ஆஸ்வெஸ்ட்ரியில் 1966-க்குப் பிறகு பயணிகள் ரயில் கிடையாது. அவசர சிகிச்சைப் பிரிவுள்ள ஆஸ்பத்திரி தொகுதிக்குள் ஒன்றுகூட இல்லை. ஷ்ரூஸ்பரி, டெல்ஃபோர்டு, இல்லையென்றால் வேல்ஸ் எல்லை தாண்டி ரெக்ஸம். வயதானவர்கள் அதிகம், ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்கள், சொந்த வீட்டுக்காரர்கள் நிறைய. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதா என்று கேட்ட பிரெக்சிட் வாக்கெடுப்பில் பத்தில் ஆறு பேர் வெளியேறவே வாக்களித்தார்கள்.

மார்க்கெட் டிரேட்டனுக்குப் புதன்கிழமை போனேன். 1245-இல் மன்னரிடம் உரிமை வாங்கிய சந்தை இன்றும் புதன்தோறும் கூடுகிறது. மேட்டில் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்தின் கோபுரத்தில் சிறுவன் ராபர்ட் கிளைவ் ஏறி உட்கார்ந்து ஊரைப் பயமுறுத்தினான் என்று கதை சொல்கிறார்கள். அவன் பிறந்தது பக்கத்து கிராமமான மோர்ட்டன் சேயில், 1725-இல். நான் ஆற்காட்டுப் பக்கத்துக்காரன். 1751-இல் எங்கள் ஊர்க் கோட்டையைப் பிடித்து முற்றுகையில் தாக்குப்பிடித்த ஆளின் சொந்த ஊருக்குப் போகாமல் எப்படித் திரும்புவது? கிராமத்துச் சின்ன தேவாலயத்தில் அவனைப் புதைத்த இடத்துக்குக் கல்லறை அடையாளமே இல்லை. உள்ளே சுவரில் ஒரு சின்ன பித்தளைத் தகடு, இந்தியாவில் முதன்மையானவன் என்று லத்தீனில் புகழ்கிறது. அதைப் படித்தபோது எனக்கு வந்தது கோபம்தான்.

கிளைவை இந்தப் பக்க அரசியலிலிருந்து பிரிக்கவும் முடியாது. ஆற்காட்டில் பேர் வாங்கி, பிளாசிக்குப் பிறகு வங்காளத்தில் பணம் வாங்கிக்கொண்டு வந்தவன், 1761 முதல் சாகும்வரை ஷ்ரூஸ்பரியின் எம்.பி. ஷ்ராப்ஷயர் மாவட்டத்தின் தெற்கில் நிலம் வாங்கி, பிஷப்ஸ் காசில் என்ற சின்ன ஊரின் நாடாளுமன்ற இடங்களையும் தன் கைக்குள் கொண்டுவந்தான். விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்காளர்கள், அவர்களை விலைக்கு வாங்கும் ஜமீன்: அதுதான் அந்தக் காலத்துத் தேர்தல். 1832 சீர்திருத்தச் சட்டம் பிஷப்ஸ் காசிலின் இடங்களை ஒழித்தது. நார்த் ஷ்ராப்ஷயர் தொகுதி பிறந்ததும் அதே சட்டத்தில்தான்.

இடைத்தேர்தல் சமயத்தில் பத்திரிகைகள் இருநூறு ஆண்டுக் கோட்டை என்று எழுதின. கொஞ்சம் திருத்திச் சொல்ல வேண்டும். 1832-இல் தொகுதிக்கு இரண்டு உறுப்பினர்கள். ஹாக்ஸ்டோன் பண்ணை வாரிசு ரோலண்ட் ஹில் டோரி, அதாவது கன்சர்வேட்டிவ்களின் முன்னோடிக் கட்சி; ஜான் கோட்ஸ் விக், லிபரல்களின் முன்னோடிக் கட்சி. அதன்பிறகுதான் நிலப்பிரபுக்களின் பிடி இறுகியது. ஆஸ்வெஸ்ட்ரிக்குப் பக்கத்து ப்ரோகின்டின் மாளிகையின் ஆர்ம்ஸ்பி-கோர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக எம்.பி. கொடுத்தது. 1885-இல் தொகுதியைப் பிரித்தபோது ஆஸ்வெஸ்ட்ரி தனித்தொகுதியானது. 1904-இல் அந்தக் குடும்பத்து எம்.பி. பிரபுக்கள் சபைக்குப் போக, இடைத்தேர்தலில் லிபரல் கட்சியின் ஆலன் பிரைட் ஜெயித்துவிட்டார். எனக்குப் பிடித்த திருப்பம் அடுத்தது. 1906-இல் நாடு முழுக்க லிபரல் அலை அடித்தது, கன்சர்வேட்டிவ் தலைகள் வரிசையாக உருண்டன. அந்த அலையிலும் ஆஸ்வெஸ்ட்ரி எதிர்நீச்சல் போட்டு பிரைட்டை வீட்டுக்கு அனுப்பி கன்சர்வேட்டிவ் வில்லியம் பிரிட்ஜ்மனைத் தேர்ந்தெடுத்தது. ஊர் உலகம் எந்தப் பக்கம் போனாலும் தன் கணக்கைத் தானே போடும் பழக்கம் இங்கே புதிதல்ல.

1961 முதல் 1997 வரை இங்கே எம்.பி. கன்சர்வேட்டிவ் கட்சியின் ஜான் பிஃபன். சோமர்செட்டில் குத்தகை விவசாயியின் மகன். தாட்சர் அமைச்சரவையில் இருந்துகொண்டே தாட்சரின் போக்கைப் பற்றி வெளிப்படையாகப் பேசியதற்கு 1987-இல் பதவியைப் பறிகொடுத்தார். 1983-இல் நார்த் ஷ்ராப்ஷயர் என்ற பெயர் திரும்பி வந்தபோதும் அவரே உறுப்பினர். அவருக்குப் பின் பேட்டர்சன், 24 வருடம்.

ஆஸ்வெஸ்ட்ரிக்கு வெளியே கால்நடை ஏல மையம் இருக்கிறது. இரும்புக் கம்பித் தடுப்புகளுக்குள் செம்மறிகள் நெருக்கியடித்து நிற்க, மேலே நடைபலகையில் நின்று ஏலக்காரர் மூச்சுவிடாமல் விலை கூவுகிறார். கேட்பவர்கள் வாய் திறப்பதில்லை. புருவமோ விரலோ அசைந்தால் போதும், அடுத்த பட்டிக்குப் போய்விடுகிறார். அங்கே சிற்றுண்டிக் கடையில் என்னோடு மேஜையைப் பகிர்ந்துகொண்ட பெரியவர் தலைமுறையாக நீலக் கட்சிக்காரர், அதாவது கன்சர்வேட்டிவ். 2021-இல் வாக்குச் சாவடிக்கே போகவில்லையாம். காரணம் கேட்டேன். பேட்டர்சனைவிட ஆம்புலன்ஸைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

அவரைப் போல வீட்டிலேயே இருந்தவர்கள் ஏராளம். 2019-இல் 67.9 சதவீதமாக இருந்த வாக்குப்பதிவு 46.3-க்கு இறங்கியது. தனக்குப் பணம் கொடுத்த இரண்டு கம்பெனிகளுக்காக அரசிடம் பேட்டர்சன் பரிந்து பேசினார் என்று நாடாளுமன்ற ஒழுக்கக் குழு முடிவு சொல்லி, 30 நாள் இடைநீக்கத்தைப் பரிந்துரைத்தது. தான் தவறே செய்யவில்லை என்றார் அவர். பிரதமர் போரிஸ் ஜான்சனின் அரசு அவரைக் காப்பாற்ற விதிமுறையையே மாற்றப் பார்த்தது. எதிர்ப்பு வெடித்ததும் மறுநாளே பின்வாங்கியது. பேட்டர்சன் ராஜினாமா செய்தார்; அதனால்தான் இடைத்தேர்தல். பிரச்சாரத்தின் நடுவே, ஊரடங்கு காலத்தில் பிரதமர் அலுவலகத்தில் நடந்த விருந்துகளின் செய்தி வெளிவந்தது. ஆனால் ஆஸ்வெஸ்ட்ரி, மார்க்கெட் டிரேட்டன் ஆம்புலன்ஸ் நிலையங்களை மூடியது அதே இலையுதிர்காலத்தில்தான். ஆஸ்திரேலியாவோடு போட்ட வர்த்தக ஒப்பந்தத்தால் ஆட்டிறைச்சி விலை என்னாகுமோ என்ற பயம் வேறு. கன்சர்வேட்டிவ் வேட்பாளர் நீல் ஷாஸ்த்ரி-ஹர்ஸ்ட் பர்மிங்காம்காரர். வெளியூர் ஆள் என்ற பேச்சு அவரைத் துரத்தியது. லேபர் ஆதரவாளர்களும் ஜெயிக்கக்கூடியவருக்கே போடுவோம் என்று மாற்றிக் குத்தினார்கள். 2019-இல் 22 சதவீதம் வைத்திருந்த லேபர் 10-க்கும் கீழே போனது.

இதைத் தொகுதி இடதுபக்கம் சாய்ந்துவிட்டது என்று படிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிரெக்சிட்டுக்கு வாக்களித்த அதே விவசாயிகள், தேவாலயத்துக்குப் போகும் அதே குடும்பங்கள், பிரெக்சிட்டைக் கடைசிவரை எதிர்த்த கட்சிக்குப் போட்டார்கள். அவர்கள் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. கேட்காமலே கிடைக்கும் வாக்கு என்று தங்களை எடுத்துக்கொண்டதைத் தண்டித்தார்கள். ஹெலன் மார்கனும் அதைப் புரிந்துகொண்டு ஆம்புலன்ஸையும் விவசாயத்தையும் விடாமல் பேசினார். 2024-இல் வித்தியாசம் 15,311 ஆனது. 2025 மே மாதம் ஷ்ராப்ஷயர் கவுன்சிலின் 74 இடங்களில் லிபரல் டெமாக்ரட்கள் 42 பிடித்தார்கள். அதுவரை ஆண்ட கன்சர்வேட்டிவ்களுக்கு 7. ஆனால் நைஜல் ஃபராஜின் வலதுசாரி ரிஃபார்ம் கட்சி 16 இடங்களோடு இரண்டாவதாக வந்திருக்கிறது. அடுத்த பொதுத்தேர்தலில் மார்கனுக்கு உண்மையான போட்டி அங்கிருந்து வரும் என்றே நினைக்கிறேன்.

போக நினைப்பவர்கள் புதன்கிழமையாகப் பார்த்துப் போங்கள், மார்க்கெட் டிரேட்டன் இஞ்சி ரொட்டியும் கிடைக்கும். ஆஸ்வெஸ்ட்ரிக்கு கோபவன் ஸ்டேஷனில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.