அம்மா போனின் முதுகைத் திறந்த கதை

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் போனுக்குப் பேட்டரி மாற்றினேன். மாற்றுகிற வேலைக்கு அரை மணி நேரம் ஆனது, ஆனால் அந்தப் பேட்டரி இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேரவே ஒன்றே முக்கால் மணி நேரம். நடுவில் நின்றது ஒரு கண்ணாடியும் அதன் ஓரம் முழுக்க ஓடுகிற மெல்லிய பசைக் கோடும்தான். இதே மாதிரி போன் வைத்திருக்கிற எத்தனையோ பேர் "இதெல்லாம் நம்மால் திறக்க முடியாது" என்று நல்ல போனை அலமாரியில் போட்டு வைத்திருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போன் 2018-இல் வந்த மாடல். முதலில் நான் வைத்திருந்தேன், அப்புறம் அம்மாவுக்குப் போனது. பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி, நீளவாக்கில் இரண்டு ஓரமும் வளைந்திருக்கும், வெளியே ஒரு ஸ்க்ரூகூடக் கண்ணில் படாது. திரை புதுசு மாதிரி இருக்கிறது, கேமரா பேத்தியைப் படம் பிடிக்கத் தாராளமாகப் போதும், ஆனால் காலையில் நூறு சதவீதம் ஏற்றி எடுத்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இருபதுக்கு இறங்கிவிடும். பக்கத்துக் கடையில் கேட்டதற்கு, "பேட்டரி போட்டுத் தரோம், ஆனா பேக் கிளாஸ் உடைஞ்சா நாங்க பொறுப்பில்ல" என்றார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, தினமும் பத்து போனைத் திறக்கிற கைக்கும் சில சமயம் உடையத்தான் செய்கிறது.

புதுசு வாங்கிவிடலாமா என்று கேட்டேன். "எதுக்குப்பா? பேசுறதுக்கு நல்லாத்தான இருக்கு. பேட்டரிதான போச்சு, டார்ச் லைட்டுக்கு மாத்துற மாதிரி மாத்த முடியாதா?" என்றார் அம்மா.

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று பட்டது, ஏனென்றால் மாற்ற முடிந்த காலம் ஒன்று இருந்தது, அது அவ்வளவு பழைய காலமும் இல்லை. 2014-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நகத்தை விட்டு நெம்பினால் பின்மூடி கழன்று வரும், பேட்டரியைக் கையாலேயே எடுக்கலாம், அதே போனுக்கு ஐபி67 தரச் சான்றும் உண்டு, அதாவது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். மூடியின் உள்பக்கம் ஓடிய ஒரு ரப்பர் வளையம்தான் அந்த வேலையைச் செய்தது. அடுத்த வருஷம், 2015-இல், எஸ்6 வந்தது. கண்ணாடி முதுகு, சுற்றிலும் பசை, பேட்டரியைத் தொட வழியில்லை. அதற்குத் தண்ணீர் தாங்கும் சான்றும் கிடையாது! அதனால் "தண்ணீர் புகாமல் இருக்கத்தான் ஒட்டுகிறோம்" என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த இரண்டு போனும்தான் ஞாபகம் வரும்.

கண்ணாடி வந்ததற்கு ஒரு நியாயம் இருக்கிறது. வயர்லெஸ் சார்ஜிங் காந்தப் புலத்தால் வேலை செய்வது, நடுவில் உலோகத் தகடு இருந்தால் அந்தப் புலம் தகட்டிலேயே மின்னோட்டத்தைக் கிளப்பிச் சூடாக்கி வீணாகும், உள்ளே இருக்கிற கம்பிச் சுருளுக்கு, அதாவது காயிலுக்குப் போய்ச் சேராது. கண்ணாடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் அந்தத் தொல்லை இல்லை. சரி, கண்ணாடி இருக்கட்டும். ஆனால் கண்ணாடி என்றால் பசை என்று எந்த விதியும் இல்லையே. 2010-இல் வந்த ஐபோன் 4-க்கும் கண்ணாடி முதுகுதான். அடியில் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி மேலே தள்ளினால் அப்படியே நகர்ந்து வந்துவிடும். 2017-இல் ஐபோன் 8 வந்தபோது அதே நிறுவனம் முதுகுக் கண்ணாடியைச் சட்டத்தோடு சேர்த்து ஒட்டியது, அது உடைந்தால் லேசர் வைத்துச் சுரண்டி எடுக்கிற அளவுக்கு. ஐந்து வருஷம் கழித்து, 2022-இல் ஐபோன் 14-இல்தான் பின்கண்ணாடியைத் தனியாகக் கழற்றும்படி மறுபடி மாற்றினார்கள். மனசு வைத்தால் முடிகிற காரியம் இது.

என் முதல் முயற்சி நன்றாக முடியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷம் முன்னால் வேறொரு போனில், ஹேர் டிரையரை மூன்று நிமிஷம் காட்டிவிட்டு, கிடைத்த சின்ன இடுக்கில் மெல்லிய இரும்புத் தகட்டை விட்டு மேல் நோக்கி நெம்பினேன். டக்கென்று ஒரு சத்தம், மூலையிலிருந்து கேமரா வரைக்கும் ஒரு விரிசல். நெம்பியதுதான் தப்பு. கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. அதைத் தூக்கப் பார்க்கக் கூடாது, அடியில் இருக்கிற பசையைப் பக்கவாட்டில் அறுக்க வேண்டும். இந்த ஒன்று கைக்குப் பழகிவிட்டால் மீதி எல்லாம் பொறுமைதான்.

இந்தத் தடவை முதலில் போனை இருபது சதவீதத்துக்குக் கீழே இறங்க விட்டு, ஸ்விட்ச் ஆஃப் செய்தேன். லித்தியம் பேட்டரியில் தவறிக் கீறல் விழுந்தால் சார்ஜ் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு நெருப்பும் பலமாக இருக்கும். பக்கத்தில் ஒரு சட்டியில் மணல் வைத்துக்கொண்டேன். சிம் தட்டை வெளியே எடுத்தேன், இதை மறந்துவிட்டு உள் சட்டத்தைத் தூக்கினால் தட்டு மாட்டி எதையாவது கிழிக்கும். அப்புறம் கண்ணாடியை நன்றாகத் துடைத்தேன், விரல் எண்ணெய் இருந்தால் கண்ணாடியை உறிஞ்சிப் பிடித்து இழுக்கிற ரப்பர் சக்‌ஷன் கப் பிடிக்காது. அம்மாவின் போனில் கீழ் மூலையில் ஏற்கெனவே ஒரு சின்ன விரிசல் இருந்தது, அதனால் பின்பக்கம் முழுக்க பார்சல் ஒட்டுகிற அகலமான டேப்பை ஒட்டிவிட்டேன். கண்ணாடி சிதறினாலும் டேப்போடு நிற்கும், விரிசல் மேல் கப்பும் காற்றுப் போகாமல் பிடிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். போன் கண்ணாடித் துணுக்கு ஊசி மாதிரி, விரலில் ஏறினால் வெளிச்சத்தில்கூடத் தெரியாது.

சூட்டுக்கு ஹீட் கன் வேண்டாம் என்பது என் கருத்து. கடைக்காரர்களுக்குக் கை பழகியிருக்கும், நமக்கு எப்போது அதிகமானது என்று தெரியாது, அதற்குள் திரையிலோ பேட்டரியிலோ காரியம் கெட்டிருக்கும். ஹேர் டிரையர் போதும். இல்லையென்றால் மூட்டு வலிக்கு ஒத்தடம் கொடுக்க வீட்டில் வைத்திருக்கிற வெந்நீர்ப் பை இன்னும் நல்லது, சூடு சீராக இறங்கும். ஓரத்தில் விரலை வைத்தால் இரண்டு விநாடி தாங்கும், மூன்றாவது விநாடியில் எடுக்கத் தோன்றும், அந்த அளவு சூடு வேண்டும். தோசைக் கல்லில் வைத்துச் சூடு பண்ணுகிற வீடியோக்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், உள்ளே இருப்பது பேட்டரி.

சார்ஜர் குத்துகிற கீழ் ஓரத்தில் ஆரம்பித்தேன். அந்த ஓரத்தில் வளைவு குறைவு, வளைந்த ஓரங்களில் பசையை அறுக்கிற மெல்லிய பிளாஸ்டிக் வில்லை வழுக்கும், கண்ணாடியும் அங்கேதான் சீக்கிரம் உடையும். சக்‌ஷன் கப்பை ஓரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வைத்து, வெடுக்கென்று இழுக்காமல் ஒரே சீராக இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தேன். முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. மறுபடி சூடு, மறுபடி இழுப்பு. நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ, சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே தலைமுடி அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. கிதார் வாசிக்கிற பிளாஸ்டிக் வில்லையின் முனையை உடனே அதில் செருகினேன். முதல் நாற்பது நிமிஷமும் அந்தக் கோட்டுக்காகத்தான் போனது, அது கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இந்தப் பசை எப்படி என்றால், பலாப்பழம் வெட்டியவர்களுக்குச் சட்டென்று புரியும். சூடாக இருக்கும்போது நூல் நூலாக இழுபடும், வில்லையை எடுத்துவிட்டால் பின்னாலேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும், ஆறிவிட்டால் அசையவே அசையாது. பலாவுக்குக் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்கிறோமே, அது மாதிரி இங்கே ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், தொண்ணூற்றொன்பது சதவீதம். வில்லை முனையில் இரண்டு சொட்டு விட்டால் பசையின் பிடி தளர்கிறது. அது எரிகிற திரவம், ஆகவே விட்ட பிறகு ஹேர் டிரையரைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள், காய்ந்த அப்புறம்தான் மறுபடி சூடு. ஒவ்வொரு மூலை தாண்டும்போதும் அங்கே ஒரு வில்லையை விட்டுவிட்டு அடுத்ததைக் கையில் எடுத்தேன், ஆறு வில்லை தேவைப்பட்டது. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே விடக் கூடாது என்று வில்லையில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொண்டேன்.

அந்தக் கோடுதான் இந்த போனைக் காப்பாற்றியது. இந்த மாடலில் கைரேகை சென்சார் முதுகில், கேமராவுக்குக் கீழே இருக்கிறது, அதிலிருந்து ஒரு குட்டி ஸ்ட்ரிப் கேபிள் போர்டுக்குப் போகிறது. நாலு பக்கமும் விட்டுவிட்டது என்ற சந்தோஷத்தில் கண்ணாடியை அப்படியே தூக்கியிருந்தால் அது கிழிந்திருக்கும். புத்தக அட்டையைத் திறக்கிற மாதிரி ஒரு பக்கமாகக் கொஞ்சம் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, பிளாஸ்டிக் குச்சியால் கனெக்டரைத் தட்டிவிட்டேன். உங்கள் போனில் எந்த கேபிள் எங்கே போகிறது என்று திறப்பதற்கு முன்னால் பாருங்கள், ஐஃபிக்ஸிட் தளத்தில் மாடல் வாரியாகப் படத்தோடு இருக்கிறது.

உள்ளே வழக்கமான நட்சத்திர ஸ்க்ரூக்கள். ஒரு தாளில் போன் படம் வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தில் டேப்பில் ஒட்டி வைத்தேன். வயர்லெஸ் சார்ஜிங் காயிலைத் தூக்கினால் பேட்டரி, முதலில் அதன் கனெக்டரைக் கழற்ற வேண்டும், வேறு எதைத் தொடுவதும் அதற்கு அப்புறம்தான். பேட்டரியையும் தரையோடு ஒட்டித்தான் வைத்திருக்கிறார்கள். இழுத்து எடுக்கிற பட்டைகூட இல்லை. ஓரத்தில் ஆல்கஹால் சொட்டுவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருந்து, பழைய ஏடிஎம் கார்டு ஒன்றை மெதுவாக உள்ளே தள்ளி எடுத்தேன். வளையக் கூடாது, குத்தக் கூடாது, இரும்பு எதுவும் கிட்ட வரவே கூடாது.

புது பேட்டரியை சென்னை ரிச்சி தெருவில் தம்பியை விட்டு வாங்கி வரச் சொல்லியிருந்தேன். பழைய பேட்டரியின் பார்ட் நம்பரைச் சொல்லி, அதே நம்பரா, தயாரிப்புத் தேதி என்ன என்று பார்க்கச் சொன்னேன். பெட்டிக்குள்ளேயே நாலு வருஷம் கிடந்த பேட்டரி புதுசு கிடையாது. பொருத்திய பிறகு, ஒட்டுவதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சோதித்தேன்: சார்ஜ் ஏறுகிறதா, ஸ்பீக்கர், மைக், கைரேகை, கேமரா ஃபிளாஷ். பழைய பசையைச் சட்டத்திலிருந்து உருட்டி உருட்டி எடுக்க மட்டும் இருபது நிமிஷம் ஆனது. அப்புறம் இந்த மாடலுக்கென்றே வெட்டி விற்கிற இரட்டைப்பக்கப் பசைத் தாளை ஒட்டி, கண்ணாடியை அமர்த்தி, ரப்பர் பேண்ட் போட்டு, மேலே இரண்டு தடித்த அகராதியை வைத்து ராத்திரி முழுக்க விட்டேன். பி7000 கம் தடவியும் ஒட்டலாம், நன்றாகவே பிடிக்கும், ஆனால் கொஞ்சம் அதிகமானாலும் மைக் துளைக்குள் வழிந்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். பேட்டரி உப்பி, பின்கண்ணாடி தானாகவே மேலே எழும்பி நிற்கிற போனுக்கு மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள், அதற்குச் சூடு காட்டுவது ஆபத்து. ஆஃப் செய்து, சார்ஜில் போடாமல், அனுபவம் உள்ள கடையில் கொடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் அப்படி ஒன்றைக் கொண்டு வந்தபோது நான் திறக்க மறுத்துவிட்டேன்.

ஐரோப்பிய யூனியனின் 2023 பேட்டரிச் சட்டத்தில், 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைச் சூடோ கரைப்பானோ இல்லாமல் பயன்படுத்துகிறவரே கழற்ற முடிய வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். ஹேர் டிரையரையும் ஆல்கஹாலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு அந்த வரி எவ்வளவு பிடித்தது தெரியுமா! போன்களுக்கு 2025 ஜூன் 20 முதல் தனி விதி இருக்கிறது. அதில் ஒரு விலக்கும் உண்டு: பேட்டரி 500 முழு சார்ஜ் சுழற்சிக்குப் பிறகு முதலில் இருந்த கொள்ளளவில் 83 சதவீதமும், 1000 சுழற்சிக்குப் பிறகு 80 சதவீதமும் தாங்கி, தண்ணீரும் புகாத போன் என்றால் கழற்றுகிற வேலையை மெக்கானிக்கிடம் விடலாம். நம் நாட்டில் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று அரசு ஒரு இணையதளம் தொடங்கியது, பசையைப் பற்றி இப்படிப் பளிச்சென்று ஒரு வரி இங்கேயும் சட்டத்தில் வர வேண்டும் என்பது என் ஆசை. தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. 2024-இல் வந்த ஐபோன் 16-இல் பேட்டரியைப் பிடித்திருக்கிற பசைக்கு 9 வோல்ட் மின்சாரம் கொடுத்தால் ஒன்றரை நிமிஷத்தில் அதுவாகவே விட்டுவிடும், மல்டிமீட்டரில் போடுகிற அந்தச் சின்னக் கட்டை பேட்டரி போதும்.

மறுநாள் காலையில் அம்மாவிடம் போனைக் கொடுத்து, இனி குழாயடியில் வைக்க வேண்டாம், ஒரு தடவை திறந்துவிட்டால் பழைய மாதிரி தண்ணீர் தாங்கும் என்று நம்ப முடியாது என்று சொன்னேன். பழைய பேட்டரியின் கனெக்டரை இன்சுலேஷன் டேப்பால் சுற்றி ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன், குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுக்க வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மா கூப்பிட்டார், பேத்தியோடு வீடியோ காலில் அரை மணி நேரம் பேசினார், வைப்பதற்கு முன்னால் நான் கேட்காமலேயே சொன்னார்: "இன்னும் நாப்பத்தாறு இருக்குப்பா."