மாஃபுஷில வேடிக்க பாத்த கதை
மாலத்தீவுன்னா எல்லாரும் தண்ணி மேல நிக்கற வில்லாவத்தான் நினைப்பாங்க, நாங்க போனது மாஃபுஷி, ஜனங்க குடியிருக்கற சாதாரண தீவு, 2009 வாக்குலதான் இந்த மாதிரி ஊர்கள்ல கெஸ்ட் ஹவுஸ் நடத்த அனுமதியே வந்துச்சு.

எனக்குப் புடிச்சது ஜோலிங்கற சேர்தான். இரும்பு பைப்ல சட்டம் அடிச்சு கயித்துல வலை பின்னின சேர், வரிசையா நாலஞ்சு ஒட்டி நிக்கும், உக்காந்தா உடம்பு அப்படியே உள்ள போயிடும், எழுந்திரிக்கறதுதான் பாடு. சாயந்தரம் ஆனா பெருசுங்க எல்லாம் அங்கதான், ஒருத்தர் ஃபோன நோண்டிக்கிட்டே பக்கத்துல இருக்கறவர கலாய்க்கிறாரு, பாஷை புரியலன்னாலும் கலாய்க்கிறது புரியுது!

காலைல மாஸ் ஹுனி. வெந்த சூரை மீன உதிர்த்து தேங்காத்துருவல், வெங்காயம், மிளகா, எலுமிச்ச போட்டுப் பெசஞ்சு ரோஷிங்கற சப்பாத்தி மாதிரி ரொட்டியோட தர்றாங்க, பெசஞ்சதுக்கப்புறம் அடுப்புல வைக்கற வேலையே இல்ல, செம்ம.

நீச்சல் டிரஸ்ல குளிக்க தனி பீச், மத்த இடத்துல ஒழுங்கா டிரஸ் போடணும். ஊருக்குள்ள சரக்கு கெடையாது, அதுக்குன்னு கடல்ல தள்ளி ஒரு போட்டு நிக்குது, நம்மாளுங்க சிலர் அதுக்காகவே கடல் தாண்டிப் போறாங்க.