எம்.சிஎச் பிளாஸ்டிக் சர்ஜரி பிராக்டிகல்: ஃபிளாப் பெயர் சொல்வதற்கு முன்னால்

பிளாஸ்டிக் சர்ஜரி மேற்படிப்பான எம்.சிஎச் பரீட்சை நெருங்கும்போது ஜூனியர்கள் பலர் ஃபிளாப் (ரத்த ஓட்டத்தோடு எடுத்துக் காயத்தை மூடும் திசு) பட்டியலை உருப்போடத் தொடங்குகிறார்கள். எந்த ரத்தக்குழாய், எந்தத் தசைக்கு நடுவே வருகிறது என்று கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பார்கள். தியரிக்கு அது உதவும். ஆனால் பிராக்டிகலில் மார்க் போவது வேறு இடத்தில். நோயாளியின் உடம்பில் என்ன இல்லை என்பதைச் சொல்லாமலே, எதை வைத்து மூடுவோம் என்று ஆரம்பித்துவிடுகிறோம்.

நான் படித்தது சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில். 1971-ல் டாக்டர் ஆர். வெங்கடசாமி தொடங்கிய கை அறுவைப் பிரிவு வளர்ந்து தனி நிலையமான இடம். 2018-ல் இரண்டு கைகளையும் மாற்றிப் பொருத்திய அறுவையும் அங்கேதான் நடந்தது. அதனால் எங்களுக்குக் கை கேஸ்களுக்குப் பஞ்சமே இல்லை. உதாரணமும் கையிலிருந்தே சொல்கிறேன்.

புறங்கையில் தோல் போய்விட்டது, விரலை நீட்டும் தசைநாண்கள் தெரிகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நாணைச் சுற்றிய மெல்லிய படலம் மிச்சமிருந்தால் கிராஃப்ட் (ரத்தக்குழாய் இல்லாமல் எடுத்து ஒட்டும் தோல்) பிடிக்கும். படலமும் போய் நாண் வெறுமையாக இருந்தால் பிடிக்காது, ஃபிளாப்தான். எலும்பு முறிவு உண்டா, நாண் அறுந்திருக்கிறதா, விரலில் உணர்ச்சி இருக்கிறதா, இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு க்ராயின் ஃபிளாப் (தொடை இடுக்கிலிருந்து எடுப்பது) என்று வாயைத் திறக்கலாம். 1972-ல் மெக்ரிகரும் ஜாக்சனும் விவரித்த பழைய ஃபிளாப் அது. மைக்ரோஸ்கோப் வேண்டாம், எடுத்த இடத்துத் தழும்பும் துணிக்குள் மறைந்துவிடும். ஆனால் கையை ஏறக்குறைய மூன்று வாரம் இடுப்போடு கட்டிவைக்க வேண்டும், உயர்த்தி வைக்க வழியில்லை. "வயது அறுபது, ஏற்கெனவே தோள் இறுக்கம் இருக்கிறது, அப்போது?" என்பது எக்ஸாமினரின் அடுத்த கேள்வியாக இருக்கும். அந்த நோயாளிக்கு ஏன் இது, ஏன் வேறொன்று இல்லை என்று சொல்லத் தெரிந்தால் போதும். ரத்தக்குழாயை வெட்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் மறுபடி தைக்கும் ஃபேன்சியான ஃப்ரீ ஃபிளாப் பெயரைச் சொல்லி யாரையும் அசத்த வேண்டியதில்லை.

அறுவைக்குப் பிறகு நைட் டியூட்டியில் ஃபிளாப்பில் ரத்த ஓட்டம் பார்ப்பதைச் சள்ளை பிடித்த வேலை என்று நினைக்கிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) அதைவிட நல்ல டியூஷன் கிடையாது. வெளிறி, சில்லென்று, அழுத்தி விட்டால் நிறம் திரும்பத் தாமதமானால் தமனிப் பிரச்சினை. நீலம் பாரித்து, வீங்கி, நிறம் சட்டென்று திரும்பினால் சிரைப் பிரச்சினை. ஊசியால் குத்தினால் கறுத்த ரத்தம் வேகமாக வரும். மணிக்கொரு தரம் நீங்களே தொட்டுப் பார்த்து எழுதியிருந்தால் இந்தப் பதில் தானாக வரும்.

தீக்காயத்தில் முதல் 24 மணி நேரத்துக்கு எவ்வளவு திரவம் ஏற்ற வேண்டும் என்று கணக்கு கேட்பார்கள். எடை 60 கிலோ, உடம்பில் 30 சதவீதம் தீக்காயம் என்றால் பார்க்லேண்ட் சூத்திரப்படி கிலோவுக்கும் சதவீதத்துக்கும் 4 மில்லி வீதம் 7,200 மில்லி. பாதியை முதல் 8 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும். அந்த 8 மணி நேரம் தீப்பட்ட நேரத்திலிருந்து தொடங்குகிறது, வார்டுக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல. மூன்று மணி நேரம் கழித்து வந்தவருக்கு மிச்சம் ஐந்து மணி நேரம்தான், அதாவது மணிக்கு 720 மில்லி. பேப்பர் பேனா இல்லாமல் போட்டுப் பழகுங்கள்.

ரத்தக்குழாய்த் தையல் பழக லேப் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். கறிக்கடையில் கோழித்தொடை வாங்கி அதன் ரத்தக்குழாயில் நைலான் நூலால் பழகலாம். (வீட்டில் என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்பார்கள், சமாளித்துக்கொள்ளுங்கள்.)

ஷார்ட் கேஸில் (சில நிமிடங்களில் நோயாளியைப் பார்த்துச் சொல்லும் பகுதி) கை வந்தால் பரிசோதனையைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். மற்ற விரல்களை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு விரலை மட்டும் மடக்கச் சொன்னால் சோதிப்பது விரலை மடக்கும் மேலோட்ட நாண், நடுக்கணுவைப் பிடித்துக்கொண்டு நுனியை மடக்கச் சொன்னால் ஆழ்நாண். அல்நார் நரம்புக்கு (சுண்டுவிரல் பக்கத்து நரம்பு) அட்டை டெஸ்ட், அதாவது விரல்களுக்கு இடையே அட்டையை இறுக்கிப் பிடிக்கச் சொல்வது. கோட் பையில் கோனியோமீட்டர் (மூட்டு மடங்கும் கோணத்தை அளக்கும் கருவி), இன்ச் டேப், ஸ்கின் மார்க்கர், ஒரு பேப்பர் கிளிப், ஒரு விசிட்டிங் கார்டு இருக்கட்டும். கிளிப்பை விரித்தால் இரண்டு புள்ளி உணர்ச்சி (இரண்டு முனைகளும் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று) பார்க்கலாம், கார்டு அட்டை டெஸ்டுக்கு.