ராடு ஒட்டிக்குதா, பதறாதீங்க

ஐடிஐ வாத்தியார் ஆகணும்னு ட்ரெய்னிங்ல இருக்கேன், இப்ப மதுரைல புது பயலுகளுக்கு ஆர்க் வெல்டிங் சொல்லிக் குடுக்குறேன். ஆரம்பத்துல அம்புட்டு பேருக்கும் ராடு, அதாவது உருகி ஒட்டுற வெல்டிங் குச்சி, இரும்பு பிளேட்டுல ஒட்டிக்கும், பதறிப்போய் அத புடிச்சிருக்குற ஹோல்டர இழுப்பாங்க. தீக்குச்சி மாதிரி லேசா உரசி ஒடனே கொஞ்சம் தூக்கணும், ஒட்டிக்கிட்டா மணிக்கட்ட சடக்குன்னு திருப்பணும், அவ்வளவுதான். பயந்துக்கிட்டு ஆம்பியர, அதாவது கரண்ட் அளவ, கொறச்சு வச்சா இன்னும் ஒட்டும், 3.15 எம்எம் ராடுக்கு 100, 110 வச்சுப் பழகுங்க. ஆர்க் நீளம், அதாவது ராடு நுனிக்கும் பிளேட்டுக்கும் நடுவுல உள்ள இடைவெளி, சரியாருக்கான்னு காதுலயே புடிக்கலாம், ஒரே சீரா படபடன்னு கேக்கணும், ராட தூக்குனா சத்தம் மாறி பொறி தெறிக்கும்.

மேலூர்லருந்து வர்ற தம்பி ஒருத்தன் "அண்ணே, எங்கப்பா கண்ண மூடிக்கிட்டே டேக் அடிப்பாரு, ஷீல்டே எடுக்க மாட்டாரு"ன்னு பெருமையா சொன்னான். டேக்னா ரெண்டு துண்டு நகராம இருக்கப் போடுற சின்னப் பொட்டு வெல்டு, ஷீல்டுனா மூஞ்சிய மறைக்கிற கருப்புக் கண்ணாடி வச்ச மறைப்பு. அது திறமையே இல்ல தம்பி. இமைய மூடுனாலும் தோலு வேகும், தெறிப்பு விழும், ஒரு நொடி தொறந்து வெளிச்சத்த பாத்துட்டா ராத்திரி கண்ணுல மண்ண கொட்டுன மாதிரி உறுத்தி தூங்கவே விடாது. அவங்கப்பாவுக்கும் ஒரு ஷீல்டு வாங்கிட்டுப் போகச் சொல்லிருக்கேன்.

அப்புறம் ஸ்லாக், அதாவது வெல்டு மேல படியுற கசடு, அத தட்டும்போது வெள்ளக் கண்ணாடி கண்டிப்பா போடுங்க, சூட்டோட தெறிக்கும்.